ஏழாம் எண்காரரும் ஒரு மேட்டுப் பண்ணையின் பெயரும்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு மேற்கே, கால்டர் பள்ளத்தாக்கின் மேட்டுச் சரிவில் ஒரு கல் வீடு இருக்கிறது. பண்ணை வீடு. அந்தப் பண்ணையின் பெயர்தான் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் குடும்பப் பெயரும். ஒருநாள் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "இந்தப் பெயர் வைத்திருக்கும் எல்லோரும் அந்த ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்பினோமா, லவ்?" யார்க்‌ஷயரில் வயதானவர்கள் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் பெரியவர்கள் 'கண்ணு' என்பதுபோல. பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. 12 ஆண்களின் கன்னத்து எச்சில், நான்கு ஆவணக் கட்டுகள், ஒரு பெரிய தவறு, அதைச் சரிசெய்த கதை எல்லாம் இதில் இருக்கின்றன.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அரிய பெயர், எழுதினால் கலந்துகொண்ட 12 பேரையும் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். அவர்களையும் இங்கே எண்ணால்தான் குறிக்கிறேன். 'ராய்ட்' என்று முடியும் பெயர் என்பது மட்டும் போதும். இந்தப் பக்கத்தில் அப்படி முடியும் இடப்பெயர்கள் ஏராளம். காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். முதன்முதலில் அதைக் கேட்டபோது நம் ஊர் 'காடுவெட்டி'தான் நினைவுக்கு வந்தது.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் எனக்கு முன்னால் நிற்கிறது. கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக அப்பாவின் பெயரை அங்கே போட்டார்கள். ஆனால் இந்த வேலைக்கு அது நல்ல பாடமாக அமைந்தது. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் என்ற தந்தைவழி டி.என்.ஏ. எல்லா ஊரிலும் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. நம் முறையில் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. இங்கிலாந்தில் 1200-க்கும் 1400-க்கும் இடையில் பெரும்பாலான பெயர்கள் உறைந்து நின்றுவிட்டன. அப்பாவின் பெயரும் அப்பாவின் ஒய் குரோமோசோமும் ஒரே தடத்தில் 600, 700 ஆண்டுகள் போயிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது அதனால்தான். பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸில்கூட இது சரிப்படாது. அங்கே நெடுங்காலம் அப்பா பெயரையே மகன் பின்னால் போட்டுக்கொண்டார்கள். ஜோன்ஸ் என்றால் ஜானின் மகன், அவ்வளவுதான். எத்தனை ஜான்களோ அத்தனை தொடக்கங்கள்.

இந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ். தன் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பக்கத்து ஊரான ஹடர்ஸ்ஃபீல்ட் வட்டாரத்தில் தெருவுக்கு நான்கு சைக்ஸ் இருப்பார்கள். 2000-இல் அவரும் கேத்தரின் இர்வெனும் வெளியிட்ட ஆய்வில், 48 சைக்ஸ் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அந்தக் குரோமோசோமில் பார்த்தது நான்கே நான்கு இடங்கள்தான். அப்புறம் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் துரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரித்து 2009-இல் வெளியிட்டார்கள். அதில் தெளிவான விஷயம் இது: பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு ஒரே மூதாதையின் சாயல் தெரிகிறது. ஸ்மித் மாதிரி தொழில் பெயர்களில் ஒன்றும் தெரிவதில்லை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தாரே. எங்கள் பெரியவரின் பெயர் ஓர் இடத்தின் பெயர், அதுவும் ஒரே ஒரு பண்ணையின் பெயர். மேற்கு யார்க்‌ஷயரின் பெயர்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ், இப்பகுதியின் பல பெயர்கள் ஒரே குடும்பத்தில் தொடங்கியவை என்று ஆவணங்களை வைத்தே சொல்லிவந்தார். ஆகவே நல்ல தேர்வு என்று நம்பி இறங்கினேன்.

முதலில் காகிதம்

எச்சில் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் அவரவர் தந்தைவழியை எழுதி வாங்கினேன். இதைச் செய்யாமல் சோதனைக்குப் போனால் பணம் வீண். அண்ணன் தம்பி, சித்தப்பா மகன் என்று நெருங்கியவர்களைச் சேர்த்துவிட்டால் ஒரே விடையைப் பலமுறை காசு கொடுத்து வாங்குவதுபோல் ஆகும். காகிதத்தில் குறைந்தது 200 ஆண்டுகளாவது ஒட்டாத கிளைகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். ஒன்பது பேர் யார்க்‌ஷயரிலிருந்து, இரண்டு பேர் மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரிலிருந்து, ஒருவர் கனடாவிலிருந்து.

1837-க்குப் பிறகு அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு இருக்கிறது, அது சுலபம். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் போட்ட உத்தரவில் தொடங்கியவை. இவற்றைப் படிக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் அதில் விழுந்தேன். ஒரு தம்பதிக்கு 1702 ஏப்ரலில் திருமணம். முதல் பிள்ளைக்கு 1702 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்று எழுதியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையா என்று குறிப்பெடுத்துவிட்டேன். 1752 வரைக்கும் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1703. திருமணத்துக்குப் பத்து மாதம் கழித்துப் பிறந்த பிள்ளை! இதுபோல் ஐந்து இடங்களைத் திருத்தினேன்.

மேலே போகப் போக 1379 வந்தது. அந்த ஆண்டு தலைவரிப் பட்டியல் யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங் பகுதிக்கு மிக நன்றாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது, அச்சிலும் வந்திருக்கிறது. ஊர் ஊராக லத்தீனில் பெயர்கள். அதில் எங்கள் பண்ணையின் பெயரோடு ஒரே ஒருவர். பெயருக்கும் பண்ணைக்கும் நடுவில் 'தே' (de) என்ற சின்ன லத்தீன் சொல்; 'அந்த இடத்தைச் சேர்ந்த' என்று பொருள். பின்னால் 'அவர் மனைவியும்' என்று இரண்டு சொற்கள். கடைசியில் நான்கு பென்ஸ். சாதாரணக் குடியானவருக்கு விதித்த அடிப்படை வரி அது. மனைவியின் பெயர் இல்லை. அந்த வரியைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை வாசி என்றார்.

பஞ்சுக்குச்சியிலிருந்து எண் வரிசைக்கு

சோதனையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாப்பிட்டு, தேநீர் குடித்து ஒரு மணி நேரம் கழிய வேண்டும். கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் அரை நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்தித் தேய்க்க வேண்டும். மறு கன்னத்துக்கு வேறு குச்சி. முனையைக் குப்பியில் தள்ளி மூடி அஞ்சலில் போட வேண்டும். ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. நிறுவனத்தின், ஒய் குரோமோசோமில் 37 இடங்களைப் பார்க்கும் சோதனையை எடுத்தோம். ஆளுக்கு நூறு பவுண்டை ஒட்டிச் செலவு. ஓய்வூதியத்தில் இருந்த மூன்று பேருக்கு மற்றவர்கள் பகிர்ந்து கட்டினார்கள்.

பல வாரம் கழித்து வருவது வெறும் எண்களின் வரிசை. பெரியவருடைய முதல் பன்னிரண்டு இப்படி இருந்தன: 13, 23, 14, 10, 11, 14, 12, 12, 12, 13, 13, 29. முதல் எண் டி.ஒய்.எஸ். 393 என்ற இடத்துக்கு உரியது. அங்கே ஏ, ஜி, ஏ, டி என்ற நான்கெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. இவரிடம் 13 முறை. மகனுக்கு நகலெடுக்கும்போது எப்போதாவது ஒன்று கூடும், அல்லது குறையும். ஓர் இடத்துக்குச் சராசரியாக 500 தலைமுறைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். 37 இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் சில நூறு ஆண்டுகளில் இரண்டு மூன்று வித்தியாசம் வருவது இயல்பு.

பன்னிரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உறவு கொண்டாட வேண்டாம். மேற்கு ஐரோப்பாவில் ஆர்1பி என்ற தந்தைவழிக் குழு அவ்வளவு பரவலானது. அதன் வழக்கமான பன்னிரண்டு எண்கள் உறவே இல்லாத ஆயிரக்கணக்கான பேருக்கு அச்சு அசலாக ஒத்துப்போகும். கவனிக்க வேண்டியது வழக்கத்திலிருந்து விலகி நிற்கும் எண்களை. பெரியவருக்கு டி.ஒய்.எஸ். 391-இல் 11-க்குப் பதில் 10, 447-இல் 25-க்குப் பதில் 24, 442-இல் 12-க்குப் பதில் 13. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் குடும்ப மச்சம் மாதிரி. கனடாக்காரரின் முடிவு வந்த இரவில் இந்த மூன்று இடங்களைத்தான் முதலில் பார்த்தேன். 10, 24, 13. அவர் முன்னோர் 1830களில் கப்பலேறியவர். பெரியவர் வழியோடு அவர் வழி காகிதத்தில் எங்குமே சேரவில்லை. மணி பதினொன்று ஆகியிருந்தும் பெரியவர் வீட்டு விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

தவறு

ஏழாம் எண்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பண்ணையிலிருந்து நாலு மைலில் பிறந்தவர், இன்றும் அங்கேயே இருக்கிறார். இவர் சில வருடங்களுக்கு முன்பே வேறோர் ஆய்வகத்தில் சோதனை செய்திருந்தார். அந்தத் தாளிலிருந்து எண்களை என் விரிதாளில் நானே தட்டினேன். எங்கள் 37-இல் 32 இடங்கள் அதில் இருந்தன. மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கூட்டிப் பார்த்தால் ஆறு வித்தியாசம். 32-இல் ஆறு என்றால் தூரம். அவரை 'ஒட்டவில்லை' என்ற பத்தியில் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் தொலைபேசியில் கேட்டபோது சொல்லியும்விட்டேன்.

ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்படியென்றால் நான் இத்தனை நாள் யார் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறேன்?" என்றார். அவர் அப்பா தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பண்ணை வழியாக நடக்கும்போதெல்லாம் "இது நம்முடையது" என்று மகனிடம் சொல்வாராம். அடுத்த சனிக்கிழமை எங்கள் நூலகக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறொருவரின் எண்களைத் தட்டும்போதுதான் என் கூட்டலில் கோளாறு இருப்பது தெரிந்தது. இதைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

டி.ஒய்.எஸ். 389 என்ற இடத்துக்கு இரண்டு எண்கள் வரும்: 389-ஒன்று, 389-இரண்டு. தனித்தனி இடங்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டாவது அளவுக்குள்ளேயே முதலாவதும் அடங்கியிருக்கிறது. மதுரையிலிருந்து திண்டுக்கல் எவ்வளவு தூரம், மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகத் திருச்சி எவ்வளவு தூரம் என்று இரண்டு கணக்கு வைத்திருப்பதுபோல. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் தண்டவாளம் ஒரு மைல் நீண்டால் இரண்டு கணக்கிலும் ஒன்று கூடும். நீண்டது ஒரே ஒரு மைல்தான். ஏழாம் எண்காரருக்கு 14, 30. மற்றவர்களுக்கு 13, 29. நான் இரண்டு வித்தியாசம் என்று போட்டேன். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்: 30-இல் 14 போக 16, 29-இல் 13 போக 16. ஆக ஒரே ஒரு மாற்றம்.

அடுத்தது, காட்டா எச்4 என்ற இடம். இதில் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். ஒரே டி.என்.ஏ.வை ஒருவர் 11 என்பார், இன்னொருவர் 12 என்பார். பழைய தாளில் 12, எங்கள் தாள்களில் 11. அதையும் ஒரு வித்தியாசமாக எண்ணியிருந்தேன். உண்மையில் வித்தியாசமே இல்லை.

ஆறிலிருந்து இரண்டு போனால் நான்கு. மீதி நான்கில் ஒன்று டி.ஒய்.எஸ். 449, அடிக்கடி மாறும் இடம். இன்னொன்று 464. அது நான்கு பிரதிகளாக இருக்கும் இடம், ஆய்வகம் ஏறுவரிசையில் அடுக்கித் தரும். எது எதற்கு நேர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மிச்சம் இரண்டு, 389-உம் 458-உம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மச்சம் மூன்றும், 10, 24, 13, அவரிடம் அப்படியே இருந்தன. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். கூட்டுத்தொகையைப் பார்த்தேன், வரிசையைப் பார்க்கவில்லை.

சரிசெய்தது

இந்தமுறை எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பேசத் துணியவில்லை. எண்ணிக்கைகள் கூடும், குறையும், மறுபடி பழைய எண்ணுக்கே திரும்பியும் வரும். திரும்பாத வகை மாற்றம் ஒன்று இருக்கிறது: டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறுவது. 'ஸ்னிப்' என்பார்கள். ஒருமுறை வந்துவிட்டால் சந்ததி முழுக்கத் தங்கிவிடும். பெரியவருக்கும் கனடாக்காரருக்கும் 'பிக் ஒய்' என்ற விரிவான சோதனை செய்தோம். உள்ளூர்க் கிளையும் தூரக் கிளையும் ஒருசேரத் தெரியட்டும் என்றுதான் அந்த இருவரைத் தேர்ந்தெடுத்தேன். வேறு எந்தப் பெயர்க்காரரிடமும் இதுவரை பதிவாகாத, இவர்கள் இருவருக்கும் மட்டும் பொதுவான ஸ்னிப்புகள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்றை மட்டும் ஏழாம் எண்காரரிடம் தனியாகச் சோதிக்கச் சொன்னோம். செலவு மிகவும் குறைவு. அதை நானே கட்டினேன்.

அவரிடம் போய் மறுபடி எச்சில் கேட்பதற்கு நேரில்தான் போனேன். என் கணக்கு தவறு, எங்கே தவறு என்று தாளை விரித்துக் காட்டினேன். இப்போதும் உறுதி தர முடியாது, இந்தச் சோதனைதான் சொல்லும் என்றேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். இவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது, இல்லையா?" என்று கேட்டார். சம்மதம் என்பதை அப்படித்தான் சொன்னார்.

ஐந்து வாரத்தில் முடிவு வந்தது. அந்த ஸ்னிப் அவரிடம் இருக்கிறது. இந்தமுறையும் நேரில் போய்த்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு பக்கத்தில் சம்மதத் தாள் ஒன்று எழுதினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. உங்கள் தந்தைவழி எங்கோ ஓரிடத்தில் வேறாக இருப்பதாக இந்தச் சோதனை காட்டலாம். காட்டினால் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, யார் முன்னிலையில், எழுத்திலா நேரிலா என்று கேட்கும் தாள். ஏற்கெனவே கொடுத்தவர்களிடமும் திரும்பப் போய்க் கையெழுத்து வாங்கினேன். ஒருவர் மட்டும் 'தெரிய வேண்டாம்' என்று குறித்தார். அவருடைய வரிசையை நான் விரிதாளில் மறைத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் எண்

மூன்றாம் எண்காரரின் முடிவு மற்ற எல்லோரிடமிருந்தும் முற்றிலும் விலகியது. எண்ணிக்கைக் கோளாறு எதுவும் அல்ல. மற்றவர்கள் ஆர்1பி குழு, இவர் ஐ1. இரண்டும் பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பெயர் அதே பெயர், ஊர் அதே ஊர். தெரிந்துகொள்ள விரும்புகிறேன், நேரில் சொல்லுங்கள் என்று தாளில் எழுதியிருந்தார்.

இப்போது அவசரப்படவில்லை. அவர் காகித வழியை ஒவ்வொரு பிறப்பாகத் திரும்பப் பார்த்தேன். 1791-இல் ஒரு ஞானஸ்நானப் பதிவு. நகல் எடுத்தவர் தந்தை பெயர் இருக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் பெயரைத் தந்தை பெயர்போல் எழுதிவிட்டிருந்தார். மூலப் பதிவேட்டின் படத்தை எடுத்துப் பார்த்தால் அந்தப் பெண்ணின் பெயருக்கு மேல் மங்கலான மையில் 'பேஸ்' என்று ஒரு சொல். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்துப் பாதிரிகள் எழுதும் சொல் அது. பையன் அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் எண்காரர் வரை அந்தப் பெயர் வந்திருக்கிறது.

இப்படிப் பிறந்த பிள்ளையை ஊர் நிதியில் வளர்க்க வேண்டிவருமே என்று, தந்தை என்று சொல்லப்பட்டவரிடம் ஊர்ப் பொறுப்பாளர்கள் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது வழக்கம். ஊர்ப் பெட்டியில் கிடந்த அந்தப் பத்திரங்களில் பல இன்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டு முழு நாள் உட்கார்ந்து தேடினேன். 1791 கட்டில், மடித்த தாள், மேலே கறுத்துப்போன மெழுகு முத்திரை. உள்ளே அந்தப் பெண்ணின் பெயர். பக்கத்து ஊர் நெசவாளி ஒருவரின் பெயர். நெசவாளிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; ஒரு சிலுவைக் கோடு இருந்தது. மூன்றாம் எண்காரரின் 37 இடங்களோடு நெருக்கமாக ஒத்துப்போவோர் பட்டியலை அதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். முதல் மூன்று பேரின் குடும்பப் பெயரும் அந்த நெசவாளியின் குடும்பப் பெயர்தான்.

பதிவேடும், பத்திரமும், டி.என்.ஏ.வும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. டி.என்.ஏ. மட்டும் இருந்திருந்தால் 'எங்கோ ஓர் உடைப்பு' என்பதோடு முடிந்திருக்கும், மனிதர்கள் கண்டதையும் கற்பனை செய்துகொண்டிருப்பார்கள். பத்திரம் மட்டும் இருந்திருந்தால் ஒரு பெண் சொன்னதை நம்பலாமா என்று 200 வருடத்துக்குப் பிறகும் யாராவது கேட்டிருப்பார்கள். அவள் சொன்னது உண்மை.

மூன்றாம் எண்காரரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் கதையையும் சொன்னேன். 2012-இல் லெஸ்டர் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புகள், தாய்வழி டி.என்.ஏ. வாழும் உறவினர்களோடு ஒத்துப்போனது. தந்தைவழியில், எழுதிவைத்த வம்சப் பட்டியலின்படி உறவாக வேண்டிய ஐந்து ஆண்களில் ஒருவர்கூட மன்னரோடு ஒத்துப்போகவில்லை; அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு ஒத்துப்போகவில்லை. 2014-இல் துரி கிங் குழு வெளியிட்டது. அரச குடும்பத்துப் பட்டியலிலேயே அப்படி. தலைமுறைக்கு நூற்றில் ஒரு பிறப்பில் தந்தைவழி மாறுகிறது என்று எடுத்துக்கொண்டாலும், 25 தலைமுறை தாண்டினால் நூறு பேரில் 78 பேர்தான் பழைய தடத்தில் மிஞ்சுவார்கள். நூற்றில் இரண்டு என்றால் 60 பேர். யாருடைய குற்றமும் இல்லை, நாள்பட்ட எந்தப் பெயருக்கும் இது நடக்கும்.

அவர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் திரும்பக் கேட்டார். தன் பேத்திக்கும் அதே பெயர்தான் என்றார். அவருக்குப் பண்ணைப் பெயர் அவள் கொடுத்தது. அவள் அந்தப் பண்ணை வம்சத்துப் பெண். அவருடைய இரத்தத்தில் அந்த வீடு இருக்கத்தான் செய்கிறது, ஒய் குரோமோசோமில் மட்டும் இல்லை. குடும்பப் பெயர் ஆய்வு என்றாலே ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறோம். கருவி அப்படிப்பட்டது. 1379 பட்டியலில் பெயரில்லாமல் 'அவர் மனைவியும்' என்று நின்றவள் எந்தச் சோதனையிலும் வரமாட்டாள். இதைச் செய்யும் யாரும் அந்தக் குறையை மறக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

கணக்கு

12 பேரில் ஏழு பேர் ஒரே தடம். மூன்றாம் எண்காரர் தாய்வழியாக அதே வீடு. லங்காஷயர்க்காரர்கள் இருவரும் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்கள், எங்களோடு இல்லை; அங்கும் அதே பெயரில் ஒரு திருத்திய காடு இருந்திருக்கலாம், தேடிக்கொண்டிருக்கிறேன். மீதி இருவரைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு சின்ன எண்ணிக்கை, இதை வைத்து விழுக்காடு பேசக் கூடாது.

காலக்கணக்கும் போட்டுப் பார்த்தேன். பொதுவான ஸ்னிப்புகளுக்குப் பிறகு பெரியவரிடம் ஐந்து புதிய ஸ்னிப்புகள், கனடாக்காரரிடம் ஏழு. சராசரி ஆறு. இந்தச் சோதனை படிக்கும் பகுதியில் ஏறத்தாழ 83 ஆண்டுக்கு ஒரு ஸ்னிப் என்ற கணக்கில் சுமார் 500 ஆண்டுகள். இருவரும் 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஆக இரண்டு கிளையும் பிரிந்தது 1450 வாக்கில். இருபுறமும் நூற்றைம்பது வருடம் தாராளமாக ஆடும் கணக்கு இது. யாராவது இதே முறையில் சரியான ஆண்டைச் சொன்னால் நம்ப வேண்டாம். 1379-இல் நான்கு பென்ஸ் கட்டியவரின் பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் கிளை பிரிந்திருந்தால் இப்படித்தான் இருக்கும் என்பது வரை சொல்லலாம்.

போன மாதம் ஆறு பேராகப் பண்ணைக்குப் போனோம். இப்போது அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டதும் வரச் சொன்னார்கள். வாசல் நிலைக்கு மேலே ஒரு கல்லில் 1640களின் ஓர் ஆண்டும் மூன்று எழுத்துகளும் செதுக்கியிருக்கின்றன. நடுவில் மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே ஒரு பக்கம் கணவனின் முதலெழுத்து, மறுபக்கம் மனைவியின் முதலெழுத்து. இந்தப் பக்கத்து வீடுகளில் அது வழக்கம். இனிஷியல்! எனக்கு அந்தக் கல்லை விட்டு நகர மனம் வரவில்லை. ஏழாம் எண்காரர் ஏணி வாங்கி ஏறினார். பெரிய தாளைக் கல்லின்மேல் வைத்து, மூன்றாம் எண்காரர் கீழிருந்து பிடித்துக்கொள்ள, கறுப்பு மெழுகுக்கட்டியால் தேய்த்து எழுத்துகளைப் பிரதி எடுத்தார். மனைவியின் எழுத்து மழையில் அரித்திருந்தது. அதை மட்டும் இரண்டு முறை தேய்த்தார்.

13-ஆம் குச்சிப்பெட்டி என் மேசையில் இருக்கிறது. பர்ன்லியில் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. சம்மதத் தாளை முதலில் அனுப்பியிருக்கிறேன். அது திரும்பி வந்ததும் பெட்டியை அஞ்சலில் சேர்க்க வேண்டும்.